இளந்தொழிலும் நம் கடனும்

நம் தாய்மொழியில் ‘கடன்’ என்னும் சொல் இரு பொருள் பயப்பது. ஒருவன் பிறனிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். ஒருவன் செய்தே தீரவேண்டிய அறமும் கடன். புதிதாய்த் தொழில் தொடங்கும் இளைஞனைப் பற்றி இந்நாளில் பேசுவோர் முதற்பொருளையே பெரிதும் பேசுகின்றனர். அவனுக்குப் பாங்கியில் கடன் கொடுத்தால் போதும் என்கின்றனர். யானோ இரண்டாம் பொருளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்கு வணிகப் பேச்சு எதற்கு என நண்பர் சிலர் நகைக்கலாம். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த திருவள்ளுவரைப் படிப்பவனுக்கு அவ்வுரிமை உண்டு என்பதே என் விடை. அன்றியும், எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்று என்னை வாளா இருக்க விடவில்லை.

எங்கள் ஊர் திருச்செந்தூரை அடுத்த தேரிக்காட்டுப் பக்கத்தது. செம்மணலும் பனையுமே அங்கு மிகுதி. என் பெரியப்பாவின் மகனாகிய அண்ணன், பட்டப்படிப்பு முடித்து ஒரு நகரத்துக் கம்பெனியில் வேலை செய்துவந்தான். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி நாடெங்கும் ஊரடங்கு வந்தபொழுது அவ்வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பியவன் சோம்பியிருக்கவில்லை. பனையேறிகளிடம் கருப்புக்கட்டி வாங்கிச் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சி, சிறு சிறு வில்லைகளாக்கி, ஓலைப்பெட்டியில் அடைத்து விற்கும் தொழிலை 2021-இல் தொடங்கினான். இரண்டு அடுப்பு, மூன்று உருளி, வேலைக்கு நான்கு பெண்மக்கள். இவையே அவனுடைய ஆலை. இக்காலத்தார் ‘ஸ்டார்ட்-அப்’ எனப் பெரிய பெயரிட்டு அழைப்பதன் சிறிய வடிவம் அது.

சரக்கு நல்ல சரக்கு, வாங்குவோரும் இருந்தனர். வெளியூரிலுள்ள பெரிய கடையொன்று மாதந்தோறும் ஓலைப்பெட்டிகளை வண்டி நிறைய வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு பொங்கலுக்குள் அண்ணன் தன் தொழில் நிலைத்துவிட்டதென்றே எண்ணினான். ஆயின் சரக்குப் போன வேகத்தில் பணம் வரவில்லை. ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்ன பணம் நான்கு மாதங் கழித்து வந்தது. அதுவும் பாதியே வந்தது. பனையேறியோ நான்கு மாதம் காத்திருக்க மாட்டான், காத்திருக்கவும் முடியாது. பனையேற்றக் காலம் ஆண்டில் சில மாதங்களே. அப்பொழுது கையில் காசு கொடுப்பவனுக்கே அவன் சரக்கைக் கொடுப்பான். ஆகவே அண்ணன் வட்டிக்கு வாங்கிப் பனையேறிகளுக்குக் கொடுத்தான். கடைக்காரர் வைத்திருந்த பணத்துக்கு வட்டியில்லை. அண்ணன் வாங்கிய பணத்துக்கோ நாள்தோறும் வட்டி ஏறியது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் எங்கள் மாவட்டத்தில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கருப்புக்கட்டிக்கு ஈரமே பகை. அறையில் இருந்த சரக்கெல்லாம் கசிந்து ஒழுகிற்று. 2024-இல் அண்ணன் தொழிலை மூடினான்.

‘மழை கெடுத்தது’ என்று ஊரார் சொன்னார்கள். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். அண்ணனுடைய கணக்குப் புத்தகத்தை ஒரு விடுமுறையில் புரட்டியபொழுதுதான் உண்மை தெரிந்தது. மழையால் போன சரக்கின் விலையைக் காட்டிலும், அந்நாளில் அவனுக்கு வரவேண்டியிருந்த பாக்கி மிகுதி. அப்பணம் உரிய காலத்தில் வந்திருக்குமேல், வெள்ளம் வடிந்த மறுவாரமே அவன் அடுப்பு மீண்டும் எரிந்திருக்கும்.

இது கண்ட பின்னர், சட்டம் இதற்கு யாது சொல்லுகின்றது எனத் தேடினேன். நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டிலேயே சிறுதொழில்களுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சிறுதொழிலாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான உடன்படிக்கை இருப்பினும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைத்தல் ஆகாது. நிறுத்தின், ரிசர்வ் பாங்கியின் விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் முதலொடு கூட்டிக் கொடுத்தல் வேண்டும். முறையிடுவதற்குத் தனி மன்றங்களும் உண்டு. 2024 ஏப்ரல் முதல், இவ்வாறு காலந்தவறி நிற்கும் தொகையை வாங்கியவர் தம் வருமானவரிக் கணக்கில் அவ்வாண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள இயலாது என்றும் விதி வந்துள்ளது. பாக்கிச் சீட்டைத் தவணைக்கு முன்னரே பாங்கிகளுக்கு விற்றுப் பணமாக்கிக்கொள்ளும் சந்தையொன்றும் ஏற்பட்டிருக்கின்றது. 250 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகள் அதில் சேர்ந்தே ஆகவேண்டும் என 2024-இல் அரசாங்கத்தார் ஆணையிட்டனர்.

இத்துணைச் சட்டமும் அண்ணனைக் காக்கவில்லை. ஏன்? அவனையே வினவினேன். “தம்பி, வழக்குப் போட்டால் பணம் வரும், பிறகு யாரிடம் சரக்கு விற்பது?” என்றான். இவ்வொரு வினாவில் இளந்தொழிலின் துயரம் முழுதும் அடங்கியிருக்கின்றது. உரிமை எழுத்தில் உண்டு. ஆனால் தன் ஒரே வாடிக்கைக்காரர்மீது முறையிடும் வலிமை எளியவனுக்கு இல்லை. செவ்வையாய் நோக்கின், காலந்தவறிக் கொடுக்கும் பணம் என்பது எளியவன் செல்வனுக்கு வட்டியின்றிக் கொடுக்கும் கடனேயாகும். பெரிய கடைக்குக் குறைந்த வட்டியில் பாங்கி கடன் கொடுக்கும்; சிறியவனுக்கோ கந்துவட்டிக்காரரே துணை. அங்ஙனமிருக்கப் பெரியவர் சிறியவனிடம் கடன் பெறுவது பொருளியல் முறைக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது. கூலிக்காரனுடைய கூலியை ஓரிரவும் வைத்துக்கொள்ளலாகாது என மோசேயின் நியாயப்பிரமாணம் விதித்ததை நம் ஆலயங்களில் வாசிக்கக் கேட்கின்றோம். அவ்விதி வயலில் கூலி செய்தவனுக்கு மட்டுமோ? சரக்குச் செய்து தந்தவனுக்கும் அது பொருந்தாதோ?

பொருளாதாரம் செழித்திருக்குங் காலத்தில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் தாமதித்தால் மற்றொருவர் கொடுப்பார். நாடு நலிந்திருக்குங் காலத்திலோ ஒவ்வொருவரும் தம் சுமையைத் தமக்குக் கீழிருப்பவர் தோளில் இறக்குகின்றனர். சுமை இறங்கி இறங்கி, எல்லார்க்கும் இளையவனும் எளியவனுமாகியவன் தோளில் வந்து நிற்கின்றது. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசாங்கத்தார் சிறுதொழில்களைக் காக்க மூன்று இலட்சம் கோடி ரூபாய் வரையிலான அவசரக் கடனுக்குத் தாமே பிணை நின்றனர். அது பாராட்டத்தக்க செயலே. அதனால் பிழைத்த தொழில்கள் பல. ஆயினும் அக்கடன், முன்னரே பாங்கியில் கடன் வைத்திருந்தவர்க்கு அக்கடனின் ஒரு பகுதியளவாகக் கொடுக்கப்பட்டது. முன்பு கடன் பெறாதவனும், அப்பொழுதுதான் தொழில் தொடங்க நினைத்தவனும் அவ்வாயிலுக்கு வெளியே நின்றனர். உள்ள மரத்துக்கு வேலியிட்டோம். முளைக்கும் கன்றை மறந்தோம்.

அங்ஙனமாயின் கன்றுகளுக்கும் கடனை அள்ளி வழங்குவோம் என்பர் சிலர். அது தனியே போதிய மருந்தன்று. 2010-ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டில் நிகழ்ந்ததை நினைத்தல் வேண்டும். சிறுகடன் கம்பெனிகள் ஒரே குடும்பத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கடன் கொடுத்து, வாரந்தோறும் வற்புறுத்தித் தண்டின. துயர் பொறாது உயிர் மாய்த்துக்கொண்டவரைப் பற்றிய செய்திகள் வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் அம்மாநிலத்தார் அவசரச் சட்டம் இயற்ற நேர்ந்தது. கடல் கடந்த இலங்கையிலும், போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நம் இனப் பெண்கள் பலர் இத்தகைய சிறுகடன் வலையில் அகப்பட்டு வருந்தினர். வருவாய் வரும் வழியைத் திறவாமல் கடன் வரும் வழியை மட்டும் திறந்துவிடுதல், நீந்தத் தெரியாதவனுக்கு ஆழத்தைக் காட்டுதல் போலாகும்.

இனி, இளந்தொழில் யாதொன்றால் வாழும்? நம் தென்பாண்டி நாட்டு வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுக் காணின் விடை புலப்படும்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்று 25 ரூபாயாக, 40,000 பங்குகளால் 10 இலட்சம் ரூபாய் மூலதனம் திரட்டுவது திட்டம். 1907-இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அறிவோ, ஊக்கமோ, மக்களன்போ அவர்க்குக் குறைவில்லை. எனினும், எதிரே நின்ற ஆங்கிலக் கப்பற் கம்பெனி தன் நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அரசாங்கமோ நடுநின்று முறைசெய்யாமல், 1908-இல் அப்பெரியாரைச் சிறையிலிட்டது. தலைவன் சிறையிலிருக்கப் பங்குதாரரும் தளர்ந்தனர். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதன்பின் பத்தாண்டு கழிந்து, சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். 1923-இல் திரும்பிவந்து தம் ஊரில் அத்தொழிலை நிறுவினர். வானம் பார்த்த பூமி, பெருமுதல் இல்லை. ஆயினும் அவர்களுக்கு இரண்டு துணைகள் வாய்த்தன. ஒன்று, 1922-ஆம் ஆண்டில் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்குச் சுங்கவரி உயர்ந்தமையால், உள்நாட்டுச் சரக்கு மூச்சுவிட இடம் உண்டாயிற்று. மற்றொன்று, அவர்தம் உறவின்முறையின் கூட்டுறவு. அச்சமூகத்து வணிகர் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என ஒதுக்கிப் பொதுநிதியாக்கிப் பள்ளி முதலியன நடத்திப் பழகியவர். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கி எனத் தோன்றி, இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கி என விளங்குவதும் அப்பழக்கத்தின் கனியே. இன்று சிவகாசி எவ்வாறு வளர்ந்துள்ளது என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வ. உ. சி.யின் திறம் இவ்விருவர் திறத்தினும் தாழ்ந்ததென எவரும் சொல்லார். வேறுபாடு திறத்தில் இல்லை. சூழ்ந்து நின்றவர் செய்கையில் உள்ளது. ஓரிடத்தில் வலியவன் நசுக்கினான். முறைசெய்ய வேண்டியவர் துணைநின்றனர். மற்றோரிடத்தில் சிறிது நிழலும் சிறிது காலமும் கிடைத்தன. ஆயினும் சிவகாசியைப் புகழுங்கால் ஒன்றை மறைத்தல் பொய்யாகும். அங்குப் பல்லாண்டு சிறுவர் சிறுமியர் பள்ளி செல்லாது தீக்குச்சி அடுக்கினர். வெடித்தொழிலில் விபத்தால் உயிர் துறந்தோரும் பலர். ஒரு தொழிலுக்கு நாம் கொடுக்கும் நிழல், அத்தொழிலில் உழைப்பவர்மீதும் விழுதல் வேண்டும். இளந்தொழில் என்னும் பெயரால் கூலியைக் குறைப்பதும் காவலைக் குறைப்பதும் ஒருகாலும் ஒப்பத்தக்கன அல்ல.

இக்காலத்து அரசாங்கத்தார் இளந்தொழில்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை எனக் கூறுதல் நன்றியன்று. 2015-இல் முத்ரா என்னும் சிறுகடன் திட்டமும், 2016 ஜனவரி 16-ஆம் நாளில் ‘ஸ்டார்ட்-அப் இந்தியா’ இயக்கமும் தொடங்கின. நம் மாநிலத்திலும் படித்த இளைஞர் தொழில் தொடங்குவதற்கெனப் பயிற்சியும், மூலதனத்தில் நூற்றுக்கு 25 வீதம் மானியமும் கொடுக்கும் திட்டம் 2012 முதல் நடந்துவருகின்றது. இவையெல்லாம் தொடக்கநாளுக்குரிய உதவிகள். பிள்ளை பிறந்த நாளில் தொட்டில் கட்டிப் பாடுகின்றோம். அது தவழும் நாளில் யார் பார்த்திருக்கின்றார்? தொடங்கிய தொழில் இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் சாகாதிருப்பதற்கு வேண்டுவது, செய்த சரக்குக்கு உரிய காலத்தில் பணம். அதற்கு அரசாங்கம் செய்யவேண்டுவது ஒன்று. முறையீட்டை எதிர்பாராமல், காலந்தவறும் பெரிய கம்பெனிகளைத் தாமே கணக்கெடுத்துக் கண்டித்தல் வேண்டும். அரசாங்க அலுவலகங்களே சிறுதொழிலாளர்க்குப் பாக்கி வைத்திருப்பின், அதனை முதலில் தீர்த்துவிட்டுப் பிறர்க்கு அறம் உரைத்தல் வேண்டும்.

இங்கு இரண்டு தடைகள் எழும். ‘வியாபாரம் என்றால் வெற்றியும் தோல்வியும் உண்டு, தோற்பவனை ஏன் தாங்கவேண்டும்?’ என்பது ஒன்று. எவரும் வாங்காத சரக்கைச் செய்பவன் தோற்பதில் அநீதி இல்லை. அவனை யான் தாங்கச் சொல்லவில்லை. வாங்கி உண்டவர் உண்ட பின்னும் விலை கொடாமையால் அழிபவனைக் குறித்தே பேசுகின்றேன். அது தோல்வியன்று, கொள்ளை. ‘நாடே நலிந்திருக்கப் பெரிய கடைகளுக்கு மட்டும் பணம் எங்கிருந்து வரும்?’ என்பது மற்றொன்று. உண்மை, அவர்களுக்கும் நெருக்கடி உண்டு. ஆனால் நெருக்கடியில் படகின் பாரத்தைக் குறைக்கவேண்டுமாயின், சிறு பிள்ளையைத் தூக்கிக் கடலில் எறிதல் முறையாகுமோ? பாங்கியில் நுழையக்கூடியவர் பாங்கியில் நுழைக. நுழைய முடியாதவனிடம் கைந்நீட்டற்க.

இறுதியாக நம் கல்லூரிக் குடும்பத்தாரை நோக்கிச் சில விண்ணப்பங்கள். பழைய மாணவப் பெரியோர்களே! உங்களுள் பலர் கடையும் ஆலையும் மருத்துவசாலையும் நடத்துகின்றீர்கள். ஆண்டுவிழாவில் எங்களுக்கு ஊக்கவுரை நிகழ்த்துகின்றீர்கள், நன்றி. அதனினும் மேலான ஊக்கவுரை ஒன்று உண்டு. உங்கள் மேசை இழுப்பறையில் தீராது கிடக்கும் சிறிய பில்களை இவ்வாரமே தீர்த்துவிடுங்கள். யாரோ ஒரு பையனின் உலை அதனால் எரியும்.

ஆசிரியப் பெருமக்களே! நம் விடுதிகளுக்கும் விழாக்களுக்கும் வேண்டும் பொருள்களில் ஒரு சிறு பங்கையேனும் புதிதாய்த் தொழில் தொடங்கிய நம் மாணவரிடமும் பக்கத்து ஊராரிடமும் வாங்கி, 15 நாட்களுக்குள் விலை கொடுப்பதெனக் கல்லூரி ஒரு விதி செய்துகொள்ளலாம். முதல் வாடிக்கைக்காரரே முதல் முதலாளி. ஒரே கடையை நம்பி அழிந்த என் அண்ணன் போன்றவனுக்கு இரண்டாவது வாடிக்கைக்காரர் கிடைத்திருப்பின், முதல்வரிடம் உரிமை கேட்கும் துணிவு பிறந்திருக்கும். கலை பயிலும் எங்களுக்கும் கணக்கெழுதவும் உடன்படிக்கை எழுதவும் சில நாட்கள் கற்றுக்கொடுங்கள். தன் உரிமை எழுதப்பட்டிருக்கும் சட்டத்தை அண்ணன் தொழிலை மூடிய பின்னரே அறிந்தான். பட்டம் பெற்றவனுக்கு இது வெட்கம். பட்டம் தந்தவர்க்கும் ஒருசிறிது வெட்கமே.

உறவின்முறையார் மகமை கண்டதுபோல, குலவேறுபாடும் மதவேறுபாடும் இல்லாத ஒரு மகமையை நம் கல்லூரியின் பெயரால் காணலாகாதோ? பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை தம்மால் இயன்ற சிறு தொகையை இடுக. பணம் வரத் தாமதித்து மூச்சுத் திணறும் இளந்தொழிலுக்கு அந்நிதியிலிருந்து வட்டியின்றிக் கொடுத்து, பாக்கி வந்ததும் திருப்பிப் பெறலாம். கொடுப்பது பெருந்தொகையாக வேண்டுவதில்லை. காலத்தால் கொடுப்பதாக இருந்தால் போதும்.

மாணவத் தோழர்காள்! நமக்கும் ஒரு கடன் உண்டு. தோற்றுத் திரும்பியவனைக் கண்டு நகையாதிருத்தல் அது. அண்ணன் தொழிலை மூடியபொழுது, ‘பட்டம் படித்தவன் கருப்புக்கட்டி விற்கப் போனானே’ என்று ஊரில் பேசினார்கள். அவன் மூன்றாண்டு நான்கு குடும்பங்களுக்குச் சோறிட்டதை எவரும் பேசவில்லை. வட்டிக்காரர் பேச்சினும் அப்பேச்சே அவனை வாட்டியது. தோற்றவன் மறுமுறை எழும் ஊரில்தான் தொழில் வளரும். தோற்றவன் தலைகவிழ்ந்து நடக்கும் ஊரில் வேலை தேடுவோர் கூட்டமே வளரும்.

இன்று அண்ணன் மற்றொருவர் கடையில் கணக்கு எழுதுகின்றான். கடன் தீர இன்னும் ஓராண்டு செல்லும் என்கின்றான். பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் அம்மூன்று உருளிகளும் கவிழ்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. சென்ற விடுமுறையில் யான் சென்றபொழுது, அவற்றைப் புளியிட்டுத் துலக்கிக்கொண்டிருந்தான். “விற்கப் போகிறாயா அண்ணா?” என்றேன். “விற்கவில்லை தம்பி, துரு ஏறக்கூடாது” என்றான்.

அவ்வுருளிகள் நிமிர்வதும் நிமிராததும் அவன் ஒருவன் கையில் இல்லை.